தஸ்லிமா கேட்டது

ஒரு மின்விசிறியின் சத்தம் மனிதரை அழவைக்கும் என்பது முப்பத்தைந்து வயதுவரை வசுமதிக்குத் தெரியாது. அந்தக் கருவிப் பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட அன்றுதான் தெரிந்தது.

பொன்மலையில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மேல்நிலைப் பள்ளி அது. மாடியில் ஒரு சின்ன அறையைச் சிறப்புக் கல்விக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் எட்டாம் வகுப்பு தஸ்லிமா, தாவணியின் ஓரத்தைத் தையல் தையலாக விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்குப் பின்னாலும் அதேபோல ஒரு பட்டை, பிளாஸ்திரி அளவுதான் இருக்கும். பொறியாளர் நித்திலன் கையிலிருந்த திரையை ஒரு தட்டு தட்டினான். தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த விசிறியின் முனகல் அந்த நொடியில் இரும்பை இரும்பால் ராவுகிற ஓசையாக மாறி வசுமதியின் பற்களுக்குள் இறங்கியது. ஜன்னல் வெயில் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல எரிந்தது.

"நிறுத்துங்க! ஃபேன நிறுத்துங்க!"

நித்திலன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். இறக்கைகள் ஓய்ந்து நின்றதும் தஸ்லிமா நிமிர்ந்து பார்த்தாள். பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவள் இப்படி நிமிர்ந்து வசுமதி பார்த்ததில்லை.

"தெனமும் இதையா கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா?"

"இது கால்வாசிதான் மிஸ்" என்றான் நித்திலன். "அவங்களுக்கு என்ன படுதோ அதுல கொஞ்சத்தத்தான் உங்களுக்கு அனுப்புறோம். முழுசா அனுப்பினா நீங்க மயங்கி விழுந்துருவீங்க."

பழைய ஆசிரியர்கள் தஸ்லிமாவைப் பற்றிச் சொல்லியிருந்ததெல்லாம் இரண்டு வார்த்தை: பிடிவாதம், கவனமின்மை. இப்படி ஒரு ராவல் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரால் வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் பிரித்துச் சொல்ல முடியும் என்று வசுமதி அன்றைக்கு நினைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர்கள் இருவரும் நன்றாகவே இருந்தார்கள். வசுமதிக்கு அந்தப் பள்ளியில் வேலையே தஸ்லிமாதான். வகுப்பில் அவள் பக்கத்திலேயே உட்காருவாள். மணி அடிப்பதற்கு முன்பே பட்டை வழியாக வராந்தாவின் இரைச்சல் கூடுவது தெரியும். சட்டென்று அவளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். வேதியியல் ஆய்வகத்தின் நாற்றம், அழிக்கும்போது கரும்பலகை எழுப்பும் கீச்சு, முதுகில் குத்தும் சீருடைத் துணியின் முடிச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விலக்கினாள். தஸ்லிமா பேசுவது எப்போதும் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் இரண்டு மூன்று சொற்களுக்குள் முடிந்துவிடும். ஆனால் படிக்க ஆரம்பித்தாள். எல்லாப் பாடத்திலும் நடுவாந்தரம். வரைபடம் வரைவது மட்டும் பிடித்திருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுவாள் என்று தலைமையாசிரியை குளோரியே சொல்ல ஆரம்பித்தார்.

இதற்கான விலை வசுமதியின் வீட்டில்தான் கொடுக்கப்பட்டது. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் காது பழைய காதாகத் திரும்பவில்லை. மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய் நிற்பாள். கணவன் ரகுபதி அப்பளம் சாப்பிட வேண்டுமென்றால் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு காது வேணும்னு என் பொண்டாட்டி காதத்தான் புடுங்குனாங்களா?" என்பான். கோபமில்லாமல்தான் சொல்வான்.

பல வருடம் காத்திருந்த பிறகு, தஸ்லிமா பத்தாம் வகுப்புக்கு வந்த ஆடியில் வசுமதி கருவுற்றாள். ஐந்தாம் மாதம்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று மாமியார் சொன்னார். அவர்களும் சொல்லவில்லை. நான்காம் மாதம், ஒரு மதியம், எல்லாம் முடிந்துபோனது.

யாரிடமும் சொல்லாத ஒன்று போய்விட்டால், போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வசுமதி காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தாள். உடம்பு ஓரளவு தேறியதும் பள்ளிக்கு வந்தாள். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். பட்டை போட்டுக்கொள்கிறவர்கள் தங்கள் உடம்பிலோ மனதிலோ பெரிய மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

மாடியறையில் தஸ்லிமா அவளைப் பார்த்தாள். அவள் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை; கையைத்தான் பார்ப்பாள், அல்லது புடவையின் கரையை.

"மிஸ் வயிறு" என்றாள்.

வசுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா?"

"மிஸ் வயிறு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. காய்ச்சல். இப்ப நல்லாயிடுச்சு. வா, மேப்ப எடு, நதி வரைவோம்" என்று சிரித்தாள் வசுமதி.

தஸ்லிமா தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். பல் பதியும் அளவுக்குக் கடித்தாள்.

அன்று தொடங்கியது. பிறகும் அவள் அடிக்கடி அதையே கேட்டாள்; ஒவ்வொரு முறையும் வசுமதி ஒண்ணுமில்ல என்று சிரித்தாள். கணக்கு வகுப்பில் ஒருநாள் பெஞ்சைக் கவிழ்த்தாள். இன்னொரு நாள் கையை வீசியதில் பக்கத்துப் பெண்ணின் கண்ணாடி உடைந்தது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் தன் அடிவயிற்றிலேயே முஷ்டியால் குத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். வசுமதி அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஏனென்றால் இந்தக் கலவரத்துக்கு முன்னால் பட்டை வழியாக எதுவுமே வருவதில்லை. விசிறி அமைதியாகச் சுற்றும், வெயில் கூட உறுத்தாது. அந்தப் பெண்ணின் உலகத்தில் அவளை நோகடிக்கும் எதுவும் இல்லை, ஆனாலும் நோகிறது. அதுவும் எங்கே நோகிறது? வயிற்றில்.

பட்டை ஒழுகுகிறது என்று வசுமதி முடிவுக்கு வந்தாள். அவளிடமிருந்து தனக்கு வருவதுபோல, தன்னிடமிருந்து அவளுக்கும் போகிறது.

மாவட்ட ஒருங்கிணைப்பாளர் மரியதாசன் பள்ளிக்கு வந்தபோது தலைமையாசிரியை அறையில் எல்லோரும் கூடினார்கள். தஸ்லிமாவின் அம்மா ஹசீனா தையல் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். துப்பட்டாவில் நூல்துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"இது யாரையும் தண்டிக்கிறதுக்கு இல்லம்மா" என்று ஆரம்பித்தார் மரியதாசன். "மத்தப் பிள்ளைங்க பாதுகாப்பையும் பாக்கணும்ல. இவள மாதிரிப் பிள்ளைங்க தங்குற உறைவிட வளாகத்துல எடம் இருக்கு. அங்க அவளுக்கு ஏத்த மாதிரி எல்லா வசதியும் உண்டு."

"அங்க போனா பத்தாவது எழுத முடியுமாங்க?" என்று கேட்டாள் ஹசீனா.

மரியதாசன் தலைமையாசிரியையைப் பார்த்தார். குளோரி அம்மாள் மேசைமேல் இருந்த பூமி உருண்டையைப் பார்த்தார்.

"அங்க பரீட்சை கிடையாதும்மா" என்றார் மரியதாசன் கடைசியில். "தொழில் கத்துக் கொடுப்பாங்க."

"தொழில் எங்கிட்டயே இருக்குங்க சார். அதக் கத்துக்குறதுக்கு அவ ஏன் அம்புட்டு தூரம் போகணும்?"

வசுமதி எழுந்து நின்றாள்.

"சார், தப்பு தஸ்லிமாகிட்ட இல்ல. எங்கிட்ட" என்றாள். "எனக்குப் போன மாசம் கரு கலைஞ்சிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. பட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிற விதிப்படி சொல்லியிருக்கணும். என் வலி பட்டை வழியா அவளுக்குப் போகுது. அதனாலதான் அவ வயித்துல குத்திக்கிறா. பட்டையக் கழட்டுங்க, என்னை மாத்துங்க, அவ சரியாயிருவா."

குளோரி அம்மாள் "வசு…" என்று பாதியில் நிறுத்தினார். ஹசீனாதான் முதலில் எழுந்தாள். அவள் முகத்தில் இரக்கமும் ஆத்திரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"டீச்சர், உங்களுக்கு வந்தது யாருக்கும் வரக்கூடாது" என்றாள். "ஆனா தெரிஞ்சும் தெனம் ஒட்டிக்கிட்டு உக்காந்தீங்களே. அவளால வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்ல முடியாதே டீச்சர். எம்புள்ளைக்குள்ள உங்க வலிய ஊத்துனீங்களே."

மரியதாசன் இரண்டு பட்டைகளையும் வாங்கி உறைக்குள் போட்டார். பொறியாளர் சோதித்துச் சொல்லும்வரை எந்த முடிவும் இல்லை என்றார். அதுவரை வசுமதி பட்டை இல்லாமல் தஸ்லிமாவோடு இருக்கலாம் என்று குளோரி அம்மாள் வாதாடி வாங்கிக் கொடுத்தார்.

அந்த வார இறுதிக்குள் நித்திலன் வந்துவிட்டான். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, சைக்கிள் கொட்டகைப் பக்கம் அவளைக் கூப்பிட்டான்.

"மிஸ், நான் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒழுகல."

"சரியா பாருங்க நித்திலன். லேசா இருந்தாக்கூட…"

"லேசாவும் இல்ல, கனமாவும் இல்ல. உங்க பட்டைக்கு உங்ககிட்டேருந்து எடுக்கத் தெரியாது மிஸ், உங்களுக்குக் குடுக்க மட்டுந்தான் தெரியும். தஸ்லிமா பட்டைக்கு அவங்களுக்குக் குடுக்கத் தெரியாது, அவங்ககிட்டேருந்து எடுக்க மட்டுந்தான். ரேடியோவுக்கு முன்னாடி நின்னு நீங்க எவ்வளவு கத்தினாலும் நிலையத்துல இருக்கிறவருக்குக் கேக்குமா? அந்த மாதிரிதான். திரும்பிப் போற பாதைன்னே ஒண்ணு வைக்கல."

வசுமதி கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ அவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அது எனக்குத் தெரியல மிஸ்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப நான் என்ன எழுதணும்னு நீங்க சொல்லுங்க. ஒழுகலன்னு எழுதினா, பட்டையில கோளாறு இல்ல, பொண்ணுகிட்டதான் கோளாறுன்னு அனுப்பிருவாங்க. ஒழுகியிருக்க வாய்ப்பு உண்டுன்னு ஒரு வரி போட்டா தஸ்லிமா இங்கயே இருப்பாங்க. உங்களையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பழி மெஷின் மேல போயிரும். மெஷின் வருத்தப்படாது."

"மத்தப் பிள்ளைங்க?"

"மாவட்டம் பூரா பட்டையக் கழட்டிருவாங்க."

மணப்பாறையில் ஒரு பையன் பட்டை வந்த பிறகுதான் முதல்முறையாகத் தன் வகுப்புக்குள் நுழைந்தான் என்று வசுமதிக்குத் தெரியும். அவனுடைய ஆசிரியை அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் காலை மாடியறையில் தஸ்லிமா வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். வசுமதி அவள் எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டை இல்லாத காதில் விசிறியின் சத்தம் சாதாரணமாக இருந்தது. அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஃபேன் கத்துதா தஸ்லிமா?"

தஸ்லிமா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அவள் பார்வை வசுமதியின் கைக்குப் போனது. வசுமதியும் குனிந்து பார்த்தாள். வலது கை, அவள் அறியாமலே, புடவைக்கு மேலே அடிவயிற்றை அணைத்தபடி இருந்தது. எத்தனை நாளாக அந்தக் கை அங்கேயே இருக்கிறது? ரகுபதி பார்த்திருக்கிறானா? குளோரி அம்மாள்? வழியில் சிரித்தவர்களில் ஒருவராவது?

"மிஸ் வயிறு என்ன?" என்றாள் தஸ்லிமா, முன்பு கேட்ட அதே தொனியில்.

"உள்ள ஒரு பாப்பா இருந்துச்சும்மா. இப்ப இல்ல. செத்துப்போச்சு. அதான் மிஸ்ஸுக்குக் கஷ்டமா இருக்கு. கை தானா அங்க போவுது."

சொல்லி முடித்ததும் வசுமதி, மணிக்கட்டு வாய்க்குப் போகும், பெஞ்சு கவிழும் என்று காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. தஸ்லிமாவின் தோள்கள் மெல்ல இறங்கின.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க."

"ஆமா. பொய் சொன்னேன்."

தஸ்லிமா யோசித்தாள். சொற்களை ஒவ்வொன்றாக எங்கிருந்தோ எடுத்து வந்து வைப்பதுபோலப் பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி வசுமதி கேட்டதே இல்லை.

"வாய் சிரிக்குது. கை அழுவுது. ரெண்டும் சேந்து கத்துது. ஃபேன விட கத்துது."

வசுமதி அதற்குப் பிறகு வெகுநேரம் அழுதாள். மறைக்காமல், புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொள்ளாமல் அழுதாள். தஸ்லிமா பக்கத்தில் உட்கார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பழுப்பு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நிறம் ஓரிடத்தில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.

அன்று மாலை நித்திலனிடம் வசுமதி சொன்னது இதுதான்: "உள்ளத அப்படியே எழுதுங்க. பட்டை ஒழுகல. அந்தப் பொண்ணு கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா. அதையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல எடமே இல்லையே மிஸ். சத்தம், வெளிச்சம், தொடு உணர்வு, அவ்வளவுதான் இருக்கு. அடுத்தவங்க கஷ்டத்தப் பாத்து வலிக்கிறதுக்கெல்லாம் நாங்க அளவு வைக்கல."

"ஏன் வைக்கல?"

நித்திலன் சங்கடமாகச் சிரித்தான். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அது இருக்காதுன்னுதான் மிஸ் எங்களுக்குச் சொன்னாங்க."

வசுமதி நேராக ஹசீனாவின் கடைக்குப் போனாள். ஹசீனா ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை; ஆனால் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். வசுமதி எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையில் திரும்பும் பாதை இல்லை என்பதையும், கையைப் பார்த்தே தஸ்லிமா கண்டுபிடித்ததையும், கேட்கும்போதெல்லாம் தான் பொய் சொன்னதையும், ஒவ்வொரு கலவரமும் அந்தப் பொய்க்குப் பின்னாலேயே வந்ததையும்.

"நான் அவளுக்குள்ள எதையும் ஊத்தலங்க. அவளா வந்து பாத்தா. நான்தான் கதவச் சாத்திக்கிட்டேன்."

மெஷின் நின்றுபோயிருந்தது. ஹசீனா ஊசியின் கீழே இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளா பாத்தாளா?"

"அவளா பாத்தா."

"அப்போ என்னையும் பாத்திருப்பாள்ல டீச்சர்?" ஹசீனாவின் குரல் எங்கோ போய்விட்டு வந்தது. "அவ அத்தா எங்கள விட்டுட்டுப் போனப்ப அவளுக்கு ஆறு வயசு. அன்னையிலேருந்து நான் இந்த மெஷினப் பாத்துத் திரும்பி உக்காந்துதான் அழுவேன். அவ பின்னால தரையிலதான் உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருப்பா. இவளுக்கு எங்க தெரியப்போவுது, இவகிட்ட மறைக்க என்ன இருக்குன்னு நெனச்சுக்குவேன். கண்ணத் தொடச்சிட்டுத் திரும்பி, சாப்புடுறியாம்மான்னு சிரிப்பேன். அப்பல்லாம் அவ கையக் கடிச்சுக்குவா. பசி தாங்காம கடிக்கிறான்னு…"

வசுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஷிப்ட் முடிந்து ஒர்க்‌ஷாப் ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கூட்டம் நீண்டது. மரியதாசன் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் புரியாத ஒன்றைக் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ள பயந்தார். கருவி சரியாக இருக்கிறது, பிள்ளையும் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எங்ககிட்ட சார்" என்று சொன்னது வசுமதி இல்லை, ஹசீனா. "பெரியவங்ககிட்ட."

பொதுத்தேர்வு முடியும்வரை தஸ்லிமா இங்கேயே இருக்கட்டும், மறுபடி ஏதாவது நடந்தால் பார்க்கலாம் என்று முடிவானது. விதியை மீறி உடல்நிலையை மறைத்ததற்காக வசுமதிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பட்டையும் அவளுக்குத் திரும்பக் கொடுக்கப்படவில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை.

பட்டை இல்லாமல் எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது. "வெயில் குத்துதா?" "இந்தச் சத்தம் பரவாயில்லையா?" என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. தஸ்லிமா சில நாள் சொல்வாள், சில நாள் சொல்ல மாட்டாள். இரண்டு முறை வசுமதி தப்பாகப் புரிந்துகொண்டு அவளை வராந்தா இரைச்சலுக்குள்ளேயே கூட்டிப்போய் விட்டாள். அப்போது தஸ்லிமா அவள் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பெஞ்சு மறுபடி கவிழவில்லை. வசுமதி சோர்வாக இருக்கும் நாட்களில் சோர்வாக இருக்கிறது என்று சொல்லிவிட்டே பாடத்தை ஆரம்பித்தாள். வீட்டில் ரகுபதியிடமும் அப்படிப் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். அது இன்னும் கடினமாக இருந்தது.

தை பிறந்து, திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிட்டன. ஒருநாள் மாடியறையில் தஸ்லிமா தமிழ்நாட்டு வரைபடத்தில் நீலப் பென்சிலால் காவிரியை இழுத்துக்கொண்டு வந்தாள். திருச்சியைத் தாண்டி, ஆறு பிரியும் இடத்தில் பென்சில் நின்றது.

"பாப்பா பேர் என்ன மிஸ்?"

வசுமதிக்கு முதலில் விளங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ கேட்டார்கள். எந்த டாக்டர், எத்தனை மாதம், ஸ்கேனில் என்ன சொன்னார்கள், அடுத்தது எப்போது. இதை ஒருவரும் கேட்கவில்லை. ரகுபதிகூடக் கேட்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பேர் வைக்கல" என்று சொல்ல வாயெடுத்தாள். தஸ்லிமா அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடர்" என்றாள் வசுமதி. "பையனா பொண்ணான்னு தெரியாதில்ல. ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி நானா மனசுக்குள்ள வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

தஸ்லிமா புதிய சொல் எதையும் உடனே திருப்பிச் சொல்ல மாட்டாள். உதட்டுக்குள் இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்ப்பாள். அப்படியே செய்தாள். பிறகு நிமிர்ந்து, அறைக்குள் தெளிவாகக் கேட்கும்படி, "சுடர்" என்றாள்.

இன்னொருவர் வாயிலிருந்து அந்தப் பெயரை வசுமதி முதல்முறையாகக் கேட்டாள்.